அக்கா போட்ட சுவிட்ச்

கதவு வைத்த அந்தப் பழைய மர டிவி ஸ்டாண்டு சிட்லபாக்கம் வீட்டுக் கூடத்தில் இன்னும் இருக்கிறது. உள்ளே ஒன்றுமில்லை. முன்பலகையில் மட்டும் ஒரு காலிங் பெல் சுவிட்சும், பக்கத்திலேயே ஒரு லைட் சுவிட்சும். எதற்கு இரண்டு என்று வருகிறவர்கள் கேட்டால் ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன்.

அக்காவுக்குத் தசைகள் கொஞ்சம் கொஞ்சமாக வலுவிழக்கும் நோய். முப்பது வயதுக்குள் சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டாள். பள்ளி நாட்களில் குரோம்பேட்டையில் ஒரு வீடியோ கேம்ஸ் கடைக்குப் போவோம். பெண் பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள். நான் ஆடி முடிக்கும்வரை என் புத்தகப் பையையும் சுமந்துகொண்டு வாசலிலேயே நிற்பாள். பெரியவனான பிறகும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. தெருவுக்குத் தெரு பிரௌசிங் சென்டர் முளைத்திருந்த காலத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கி, டிவி ஸ்டாண்டுக்குள் வைத்து, ஜாய்ஸ்டிக் பொருத்தி, வீட்டிலேயே அவளுக்கு ஒரு கேம்ஸ் கடை வைத்துக்கொடுத்தேன். சந்து சந்தாக எலி ஓடும் ஓர் ஆட்டம். கைப்பிடியை உள்ளங்கையால் தள்ளினாலே போதும். என்னைத் தோற்கடித்துவிட்டு வாய்விட்டுச் சிரிப்பாள்.

ஆனால் கம்ப்யூட்டரைப் போடும் பொத்தான் கீழ்த்தட்டில் இருந்தது. அவளால் குனிய முடியாது. "தண்ணிக்குக் கூப்பிடணும், பாத்ரூமுக்குக் கூப்பிடணும். இதையாவது நானே போட்டுக்கிறேண்டா" என்றாள்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் வீட்டு வயரிங்தான். அந்தப் பொத்தானிலிருந்து இரண்டு மெல்லிய வயர்களை மேலே இழுத்து, இடித்த வீடொன்றிலிருந்து கழற்றி வைத்திருந்த லைட் சுவிட்சில் மாட்டினேன். போட்டால் ஓடியது. நான்கு எண்ணுவதற்குள் செத்தது. மறுபடியும் அதே கதை. கம்ப்யூட்டரையே திட்டித் தீர்த்து, தாம்பரத்தில் ஒரு மெக்கானிக்கிடம் தூக்கிக்கொண்டு போனேன். சுவிட்ச் மாட்டியதைச் சொன்னதும் அவன் சிரித்தான். "இன்னாண்ணா, இது டியூப்லைட்டா? ஆன்லயே வுட்டா, பட்டன அமுக்கிக்கினே இருக்கன்னு நெனச்சு நின்னுடும். தொட்டு வுடணும். காலிங் பெல் சுவிட்ச் போடுண்ணா."

அன்றே வாங்கினேன். வாங்கியது மூன்று மாதம் என் டூல் பையிலேயே கிடந்தது. ஸ்டாண்டில் பழைய லைட் சுவிட்ச்தான் இருந்தது. பெரும்பாக்கம் பக்கம் புதுக் கட்டடங்களில் ஓயாத வேலை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆனது. மாலையில் வீடு திரும்பும்போது எலி ஓடிக்கொண்டிருக்கும். அம்மா குனிந்து கீழ்ப்பொத்தானைப் போட்டுவிட்டிருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன்.

பிறகு அக்காவுக்கு நிமோனியா வந்தது. இரண்டு வாரம் ஆஸ்பத்திரி. குற்ற உணர்ச்சி தாங்காமல் பழைய சுவிட்சைக் கழற்றிக் குப்பையில் போட்டு, காலிங் பெல் சுவிட்சை மாட்டினேன். ஒரு தட்டு, ஓடியது. அவள் வந்ததும் நாற்காலியை நேராக அங்கேதான் தள்ளினேன்.

"போட்டுப் பாருக்கா."

விரலால் அழுத்தினாள். கட்டைவிரலால் அழுத்தினாள். பிறகு மணிக்கட்டை வைத்துச் சாய்ந்தாள். ஸ்பிரிங் அசையவில்லை.

"பழசு எங்கடா?"

"அதுதான் வேலை செய்யலையேக்கா."

"செஞ்சுதே. ஆன் பண்ண உடனே ஆஃப் பண்ணிடணும், அவ்ளோதான். தினமும் நான்தானே போட்டேன்."

"ஏன்க்கா என்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கவே இல்லையேடா."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. குப்பை வண்டி என்றைக்கோ போயிருந்தது. மறுநாள் கடை திறந்ததும் புதிய லைட் சுவிட்ச் ஒன்றை வாங்கிவந்து பக்கத்திலேயே மாட்டினேன். பழையது யார் யாரோ போட்டுப் போட்டுத் தளர்ந்தது. இது விறைப்பு. இரண்டு முறை முயன்றுவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். "நீயே போடுடா" என்றாள். கொஞ்ச நாள் கூப்பிட்டாள். அப்புறம் அதற்காகக் கூப்பிடுவதையே விட்டுவிட்டாள். அடுத்த மழைக்காலத்துக்கு அவள் இல்லை.

அவள் தானாகச் செய்துகொள்ள மிச்சமிருந்தது அந்த ஒன்றுதான். அதை நான்தான் பிடுங்கினேன். எப்படி யோசித்தாலும் இதற்கு வேறு பெயர் கிடைக்கவில்லை.

இப்போதும் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அந்த லைட் சுவிட்சை அவள் சொன்ன மாதிரி ஆன் செய்து, உடனே ஆஃப் செய்கிறேன். இத்தனை வருடத்தில் நன்றாகத் தளர்ந்துவிட்டது. இப்போது விரல் பட்டாலே போதும்.