ஏழாம் ஃபாரம்

அந்த அச்சகத்தில் அவளைப் பசையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நகக்கண்ணில் எப்போதும் பசை காய்ந்திருக்கும். முப்பத்தோரு வருடமாகப் புத்தகம் கட்டுகிறாள். அச்சாகி வரும் பெரிய தாளை மடித்தால் பதினாறு பக்கம். அதற்கு ஃபாரம் என்று பேர். ஃபாரங்களை வரிசையாக அடுக்கித் தைத்து, முதுகில் பசை தடவி அட்டை போட்டால் புத்தகம். ஒரு ஃபாரம் விட்டுப்போனால் அச்சகத்தின் மானம் போய்விடும். அவள் கையில் அது வரை விட்டுப்போனதில்லை.

வீட்டு விஷயத்தில்தான் அவளுக்குக் கொடுப்பினை இல்லை. கணவர் இருந்த வரை ஏழு வாடகை வீடுகள் மாறினார்கள். அவர் போன ஆறாம் மாதம், மகனுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறேன், இடம் வேண்டும் என்றார் எட்டாவது வீட்டுக்காரர். புது வீடு கேட்டுப் போன இடமெல்லாம் "எத்தனை பேரு?" என்பதுதான் முதல் கேள்வி. "நான் மட்டுந்தான்" என்றதும் கதவு பாதி மூடிக்கொள்ளும். ஆள் அதிகம் என்றாலும் வீடு இல்லை, ஒற்றை ஆள் என்றாலும் வீடு இல்லை. எத்தனை பேர் இருந்தால் கிடைக்கும் என்று ஒரு புண்ணியவானும் சொல்வதில்லை.

தம்பி வீட்டுக்குப் போனாள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். தம்பி பெண்டாட்டி நல்லவள், மூன்று மாதம் பொறுத்தாள். பிறகு தம்பியே தரையைப் பார்த்துக்கொண்டு, "பிள்ளைங்க படிக்க இடம் பத்தலக்கா" என்றான். தரை என்ன பதில் சொல்லும்? அவள் மூட்டையைக் கட்டினாள்.

அச்சகத்தின் பின்பக்கம் காகிதக் கிடங்கு. அதன் கதவு தூக்கித் தள்ளினால்தான் திறக்கும். காலையில் திறப்பதும் மாலையில் பூட்டுவதும் அவள் வேலை. ஒரு நாள் மாலை உள்ளே நின்று பூட்டிக்கொண்டாள். காகிதக் கட்டுகளுக்குப் பின்னால் ஒரு பாய் விரிக்க இடம் இருந்தது. வெந்நீருக்கு ஒரு கரண்ட் கெட்டில். உடைந்த ஜன்னல் கண்ணாடிக்குப் பதிலாக நீல அட்டையை ஒட்டினாள். இரண்டு வருடம் ஓடிற்று. எல்லோருக்கும் முன்னால் வேலைக்கு வருகிறவள் என்று நல்ல பேர் வேறு.

அப்போதுதான் ஒரு எழுத்தாளரம்மா வந்தார். தன் பழைய புத்தகம் ஒன்றின் அட்டையைப் பார்க்க வந்தவர், பசையக்காவிடம் பேச்சுக் கொடுத்தார். வீடில்லாதவர்களைப் பற்றி நாவல் எழுதிக்கொண்டிருப்பதாகச் சொல்லிவிட்டு, "உங்க வீடு எங்கேம்மா?" என்று கேட்டார். இரண்டு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. நுணலும் தன் வாயால் கெடும். பசையக்கா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். கேட்டவருக்குக் கண் கலங்கிப்போயிற்று.

"யார்கிட்டயும் சொல்லிராதீங்கம்மா."

"உங்க பேரே வராது. என்னை நம்புங்க."

அந்த அம்மா தன் அளவில் வாக்குத் தவறவில்லை. நாவலில் பெயர் இல்லை. புத்தகம் கட்டுகிறவள் தையல்காரியானாள், அச்சகம் துணிக் கம்பெனியானது. ஆனால் அறையை மட்டும் அப்படியே தூக்கி வைத்துக்கொண்டார். சொன்னவளுக்கு வேறு அறை கிடையாது என்பது அவருக்கு உறைக்கவில்லை.

நாவல் அதே அச்சகத்துக்கு வந்தது. ஏழாம் ஃபாரத்தை மடிக்கும்போது ஒரு வரி பசையக்காவின் கண்ணில் பட்டது: தூக்கித் தள்ளினால்தான் திறக்கும் கதவு. அடுத்த பக்கத்தில் நீல அட்டை. அதற்கடுத்ததில் கெட்டில். பிள்ளைகள் படிக்க இடம் பத்தலை என்ற தம்பிகூட இருந்தான்.

முதலாளி புத்தகம் படிக்கிறவர் இல்லை. "மிட்டாய்க் கடைக்காரன் மிட்டாயா திங்கிறான்?" என்பார். அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் எழுத்தாளரம்மா, "நீங்க அவசியம் படிக்கணும், உங்க பிரதியில கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்று அவரிடம் சொன்னது காதில் விழுந்துவிட்டது. பயம் வந்தால் புத்தி போய்விடும். முதலாளிக்கான ஒரே ஒரு பிரதியை ஏழாம் ஃபாரம் இல்லாமல் தைத்தாள். கையெழுத்துக்கு அதை அவளே நீட்டினாள்.

பத்து நாள் அந்தப் புத்தகம் முதலாளியின் மேசையில் சும்மா கிடந்தது. பதினோராம் நாள் மத்தியானம் ஏதோ தாளைத் தேடும்போது அதைக் கையில் எடுத்தார். எடுத்தவர் கீழே வைக்கவில்லை. படிக்காதவர்தான், கட்டு தெரியாதவர் இல்லை. அட்டையின் முதுகு தளர்ந்திருப்பது விரலுக்குத் தெரிந்துவிட்டது. விறுவிறுவென்று புரட்டினார். தொண்ணூற்றாறுக்கு அடுத்து நூற்றுப் பதின்மூன்று.

"அக்கா, இங்க வாங்க. ஒரு ஃபாரம் காணோம். எல்லாத்துலயும் இப்படியா?"

"இல்ல சார். இது ஒண்ணுதான்."

"எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?"

அவர் இன்னொரு பிரதியை எடுத்து வந்து, தொண்ணூற்றேழாம் பக்கத்திலிருந்து எழுத்துகள் சரியாக விழுந்திருக்கின்றனவா என்று பார்க்க ஆரம்பித்தார். பார்த்துக்கொண்டே போனவர் படிக்கத் தொடங்கிவிட்டார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். சும்மா விட்டிருந்தால் இந்த ஜென்மத்தில் திறந்திருக்க மாட்டார். பதினாறு பக்கமும் முடியும் வரை பசையக்கா எதிரிலேயே நின்றாள்.

அவர் எழுந்து கிடங்குக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் கெட்டில் இருந்தது.

"காகிதத்துக்கு நடுவுல இதா? ஒரு பொறி போதும்கா, அத்தனை பேர் பிழைப்பும் சாம்பலாயிடும். எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா இருக்க விட்டிருப்பீங்களா?"

அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். கெட்டிலை மேசைமேல் வைத்தார். பிறகு, "வேலைக்கு எப்பவும் போல வாங்க. ஆனா அங்க இருக்க முடியாது. இன்னைக்கே" என்றார். பழுதுப் பிரதியை அவள் பக்கம் தள்ளி, "போறதுக்கு முன்னாடி இதைப் பிரிச்சுச் சரியாத் தச்சு வச்சிருங்க" என்றார்.

அவள் தையலைப் பிரித்தாள். ஏழாம் ஃபாரத்தை அதன் இடத்தில் வைத்துத் தைத்தாள். பசை காய்கிற நேரத்தில் பாயைச் சுருட்டி மூட்டையைக் கட்டினாள். மனம் விட்டுப்போயிருந்தது. கை மட்டும் ஒரு தையல் தப்பவில்லை.

முதலாளி புத்தகத்தை வாங்கி முதுகை அழுத்திப் பார்த்தார்.

"இப்பச் சரியா இருக்கு. எங்கக்கா போவீங்க?"

"தம்பி வீட்டுக்கு."

அது பொய் என்று இருவருக்கும் தெரியும். அவர் மேலே கேட்கவில்லை. சாவிக்காகக் கையை நீட்டினார்.