வெளிச்சத்துக்கு லாட் நம்பர் இல்லை

திங்கள் காலை ஆறரைக்குக் கெப்பாலா பத்தாஸில் பஸ் ஏறினேன். பட்டர்வொர்த்துக்குப் பத்து மைல், கட்டணம் ஒரு வெள்ளி. அங்கிருந்து பினாங்குத் தீவுக்குப் பெர்ரி, நாற்பது காசு. ஜார்ஜ்டவுனில் இறங்கி, இன்னொரு பஸ்ஸில் தண்ணீர்மலை அடிவாரத்துக்குப் போனேன். அங்கே என் அக்கா செண்டுமல்லி போடுகிறார். தைப்பூச மாலைக்குப் போகும் பூ. அவருக்கு ஆண்டு முழுக்கச் சோறு அதில்தான்.

ஒன்பது மணிக்குப் பாத்தியைப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மட்டும் மொட்டு. மற்ற இடமெல்லாம் இடுப்புயரச் செடி, வெறும் இலை. பக்கத்தில் பழைய கார் விற்கும் கடை வந்திருக்கிறது. ஆறு ஸ்போட்லைட், விடிய விடிய எரிகிறது. இந்தச் செடி இருட்டு இருந்தால்தான் மொட்டு வைக்கும்.

"திருப்பி வைங்கன்னு கேட்டேன் தம்பி. 'சும்மா வெளிச்சம் கெடைக்குது, சந்தோஷப்படு லா'ங்குறான் முதலாளி" என்றார் அக்கா.

பத்தரைக்கு அரசாங்க ஆபீஸ். இரண்டாம் மாடி, ஐந்தாம் கவுண்டர். அங்கே எழுத்து வேலை பார்க்கும் கிராணி தமிழர்.

"விளக்கு எரியலைன்னா புகார் எழுதிக் குடுக்கப் பாரம் இருக்கு அண்ணே. எரியுதுன்னா பாரம் இல்ல."

"எங்க நிலத்துல விழுதே?"

"விளக்கு அவன் லாட்லதான இருக்கு?"

"ஆமா."

"அப்பச் சரி. வெளிச்சத்துக்கு லாட் நம்பர் கிடையாது லா."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கடைப் பலகை எத்தனை அடி, எந்த மொழி எழுத்து பெரிசாக இருக்கணும், எல்லாவற்றுக்கும் சட்டம் வைத்திருக்கிறார்கள். அதன் மேல் எரியும் விளக்கு எங்கே விழலாம் என்று ஒரு வரி இல்லை.

செவ்வாய்க்கிழமை கார்க் கடைப் பக்கமாக மரக்கம்பம் நட்டு எட்டடிக்குத் தகரம் அடித்தேன். அன்று ராத்திரி பாத்தி இருட்டியது.

புதன் பதினோரு மணிக்கு மோட்டார் சைக்கிளில் ஓர் அதிகாரி வந்தார். வேலி ஆறடிக்கு மேல் போகக் கூடாதாம். கார்க் கடையிலிருந்து போன் போயிருக்கிறது. நோட்டீஸை நீட்டிவிட்டுப் போனார். விளக்கைப் பார்க்க ஆளில்லை. தகரத்தைப் பார்க்க மறுநாளே ஆள்.

சுத்தியலை எடுத்துக்கொண்டு கார்க் கடைப் பக்கம் நடந்தேன். அக்கா வந்து கையைப் பிடித்தார்.

"ஒடச்சா உன்னைத்தான் பிடிச்சிட்டுப் போவான், மடையா. கழட்ட எத்தனை நாள் குடுத்திருக்கான்? படி."

"பதினாலு."

"பதினாலு ராத்திரி இருட்டு. பாதிச் செடியாவது மொட்டு வைக்கும்டா. பதினஞ்சாம் நாள் நானே கழட்டுறேன்."

நாலு மணி பெர்ரியில் திரும்பினேன். கோபம் ஆறவில்லை. எங்கள் ஊர் வயலில் இருட்டை யாரும் கேட்டு வாங்குவதில்லை. பொழுது போனால் வருகிறது. பினாங்கில் என் அக்காவுக்கு அது பதினாலு நாள்தான்.