அண்ணன் காலுக்கேற்ற பிரேக்

எங்கள் அண்ணன் வாங்கிய காரில் இரண்டு பேர்தான் உட்கார முடியும். மூன்றாவதாக ஒரு மூட்டை நெல்லைக்கூட ஏற்ற முடியாது. கூரை கிடையாது, மழை வந்தால் இழுத்துக் கட்ட ஒரு கித்தான் உண்டு, அதையும் எலி கடித்துவைத்திருந்தது. மலையில் எஸ்டேட் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரிடம் வாங்கி, எழுபதுகளின் நடுவில் ஒரு நாள் அண்ணன் அதை உத்திரமேரூர்த் தெருவுக்குள் ஓட்டி வந்தார். நைனா வாசலில் நின்று பார்த்தார். "இன்னாடா இது, மாட்டுத் தொட்டிக்கு நாலு சக்கரம் மாட்டிக்கினு வந்துகீற?" என்றார். நாங்கள் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஏரும் மாடும் கிணறுமாக இருந்த குடும்பத்தில் மூத்த பிள்ளை பந்தயத்துக்குச் செய்த காரை வாங்கி வந்தால் பெற்றவர் ஆரத்தியா எடுப்பார்?

எனக்கும் அந்தக் காரைக் கண்டால் ஆகாது. நான் அதே ஊரில் பம்புசெட்டும் டிராக்டரும் பழுது பார்க்கும் ஷெட் ஒன்று வைத்திருந்தேன். மாதம் இரண்டு முறையாவது அது என் ஷெட்டில் வந்து படுத்துக்கொள்ளும். எதைக் கழற்றினாலும் மாற்று கிடைக்காது. நடவு நேரத்தில் அவனவன் டிராக்டரோடு காத்திருக்க, நான் இதற்கு வாஷர் ராவிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் வாய் சும்மா இருக்காது, திட்டிக்கொண்டேதான் செய்வேன். ஆனால் காஞ்சிபுரம் ரோட்டில் அண்ணன் அதை ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்தால் திட்டியதெல்லாம் மறந்துபோகும். வீட்டில் அதிர்ந்து பேசாத மனிதர் ஸ்டியரிங்கைப் பிடித்ததும் பாட ஆரம்பித்துவிடுவார். சுருதி கிருதி எதுவும் கிடையாது. உலகத்திலேயே சந்தோஷமான ஆள் அவர்தான் என்று எனக்குத் தோன்றும்.

பிறகு ஒரு கோடையில் கிணற்றுக்குள் மோட்டார் இறக்கும்போது கயிறு நழுவி, படியில் நின்றிருந்த அண்ணனின் வலது முட்டியில் மோட்டார் மோதியது. எலும்பு கூடிவிட்டது, பலம் கூடவில்லை. கொஞ்சம் தாங்கி நடப்பார். கவனித்துப் பார்த்தால்தான் தெரியும். யாராவது "காலு எப்பிடிக் கீது?" என்று விசாரித்துவிட்டால் முகம் சுண்டிவிடும். "காலுக்கு இன்னா, நல்லாத்தான் கீது" என்று எழுந்து போய்விடுவார். அதனால் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சையே யாரும் எடுப்பதில்லை.

காரின் பிரேக் அந்தக் காலத்துப் பிரேக். வலது காலால் ஓங்கி மிதித்தால்தான் பிடிக்கும். அண்ணனால் முடியவில்லை. வலது கால் மேல் இடது காலையும் வைத்து அழுத்துவார். ஒரு நாள் ஏரிக்கரை வளைவில் வண்டி நிற்காமல் போய் வேலிகாத்தான் முள்ளுக்குள் நுழைந்தது. நைனாவுக்கு அது போதுமாக இருந்தது.

"அத்த வித்துடுடா. ஒன்னால ஓட்ட முடியாது."

"என்னால இன்னா முடியல? பிரேக்குதான் செரியில்ல நைனா. வேற பிரேக் போட்டா ஓட்டிக்கினு போவேன்" என்றார் அண்ணன். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அவர் கேட்டது பிரேக் மட்டுமல்ல என்று எனக்குத் தெரியும். கார் போனால், கால் போய்விட்டது என்று ஊருக்கு எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அவருக்கு அது மட்டும் நடக்கக் கூடாது.

பட்டணத்துக்கு பஸ் ஏறினேன். புதுப்பேட்டையில் பழைய உதிரி விற்கும் சந்துகளில் மூன்று நாள் அலைந்ததில், எங்கோ அடிபட்டதால் பிரித்துப் போட்ட ஒரு வெளிநாட்டுக் காரின் முன்சக்கர டிஸ்க் பிரேக் கிடைத்தது. அந்தக் கடை பாய் ஒரு பூஸ்டரையும் எடுத்து வைத்தார். குடம் அளவுக்கு ஒரு தகர டப்பா. இன்ஜின் உறிஞ்சும் இழுப்பை வைத்துக்கொண்டு, காலுக்குப் பதில் அதுவே பிரேக்கை அழுத்தும். எந்தக் காருக்கு என்று பாய் கேட்டார். சொன்னேன். டப்பாவைத் திரும்ப இழுத்துக்கொண்டார்.

"இது பெரிய வண்டிதுப்பா. ஒன் வண்டி எலிக்குஞ்சு மாதிரி கீது. யானை அங்குசத்த ஆட்டுக்குட்டிக்குப் போடுவியா? பத்து நாள் கயிச்சு வா, சின்னதா பாத்து வெக்கிறேன்."

"பரவால்ல பாய், இதே குடுங்க" என்றேன். பத்து நாள் காத்திருக்கப் பொறுமை இல்லை என்பது ஒரு பக்கம். சின்ன பூஸ்டரும் பெரிய பூஸ்டரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருந்தாலும் நான் பெரியதைத்தான் எடுத்திருப்பேன். எவ்வளவு லேசாக இருக்குமோ அவ்வளவு லேசாக இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

டிஸ்க் நேராக உட்காரவில்லை. காஞ்சிபுரம் லேத்தில் இரும்புத் தகடு வெட்டி, துளை போட்டு, இரண்டு முறை தப்பாகி மூன்றாவது முறை பொருந்தியது. பின்சக்கரத்துப் பழைய பிரேக்கை அப்படியே விட்டுவிட்டேன். கடைசியில் குழாய்களிலிருந்து காற்றை எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு ஆள் தேவை. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்து மிதித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும், இன்னொருவர் சக்கரத்தடியில் திருகைத் திறந்து மூட வேண்டும். இன்ஜின் ஓடாதபோது பூஸ்டர் துணைக்கு வராது, பெடல் கனமாகவே இருக்கும். நான் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிடப் போனேன். அதற்குள் அண்ணன் உள்ளே ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"பம்ப் பண்ணு... புடி... வுடு" என்று கீழே படுத்தபடி சொல்லிக்கொண்டிருந்தேன். திறந்த கதவு வழியாக அவர் கால் தெரிந்தது. இருபது முப்பது மிதிக்குப் பிறகு வேட்டி ஓரம் நடுங்கியது. ஐயோ என்றிருந்தது எனக்கு. "இருண்ணா, மரை சிக்கிக்கிச்சு" என்றேன். மரை எங்கேயும் சிக்கவில்லை. ஒரு பீடி பிடிக்கும் நேரம் சும்மா ஸ்பானரைத் தட்டிக்கொண்டு படுத்திருந்தேன். "ஆச்சாடா?" என்றார். "இன்னும் கொஞ்சம்" என்றேன். அன்று அந்த மரை ஏழெட்டு முறை சிக்கியது. அவரும் ஏன் என்று கேட்கவில்லை.

புளியமரச் சாலையில் முதல் முறை ஓட்டிப் பார்த்தபோது, விரல் நுனியால் தொட்டது போல் தொட்டார்; வண்டி ஆணி அடித்தது மாதிரி நின்றது. நான் கண்ணாடியில் நெற்றியை இடித்துக்கொண்டேன். அண்ணன் சிரித்தார். "இன்னாடா பண்ண, நெனச்சாலே நிக்குது!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஊர் முழுக்கச் சொன்னார். என் தம்பி போட்ட பிரேக், பட்டணத்தில்கூட ஒருத்தனுக்கும் இப்படி வராது என்று டீக்கடையில் நின்று சொன்னார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. ஆனால் அந்தப் பேச்சால் என் ஷெட்டுக்குப் பக்கத்து ஊர் டிராக்டரெல்லாம் வர ஆரம்பித்தது. நைனா விற்கச் சொல்வதை நிறுத்தினார். அண்ணி திருப்புட்குழிப் பெருமாளைச் சேவிக்க அந்தக் காரிலேயே போய் வந்தார், தலைமுடி பறந்து பரட்டையாகி.

ஒரு நாள் மதகுப் பக்கம் ரோட்டில் மணல் கிடந்தது. அண்ணன் வழக்கம்போல் லேசாகத்தான் தொட்டார். முன்சக்கரம் சுற்றுவது நின்றுபோய், வண்டி மட்டும் நாலு முழம் வழுக்கிக்கொண்டு போனது. "மணலு" என்றார் அண்ணன். மணல் மட்டுமல்ல. எனக்கு அப்போதே தெரியும். பூஸ்டர் பெரிது, பாய் சொன்னது சரி. சின்னதாக மாற்றலாம். மாற்றினால் பெடல் கனக்கும், கனத்தால் ஏன் மாற்றினாய் என்று கேட்பார், அதற்குக் காலைப் பற்றிப் பேச வேண்டிவரும். பொங்கல் போகட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

பொங்கல் போனது. எங்கள் பக்கத்தில் அந்த மாதம் கொள்ளு பிடுங்குவார்கள். பிடுங்கிய செடியைக் காயவைத்துத் தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறி இறங்கி அடித்துக் கொடுத்துவிடும். ஒவ்வொரு வண்டி போனதும் ஓரத்தில் நிற்பவர்கள் வந்து கோலால் புரட்டிவிட்டுப் போவார்கள். அதன் மேல் போகும்போது பிரேக்கைத் தொடக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் மாட்டுவண்டிக்காரனுக்கும் தெரியும். அண்ணனுக்குத் தெரியாதா? காஞ்சிபுரத்திலிருந்து நாங்கள் இரண்டு பேரும் திரும்பிக்கொண்டிருந்தோம். மத்தியானம் மூன்று மணி இருக்கும். காவாந்தண்டலம் தாண்டும்போது ரோட்டில் கொள்ளு கிடந்தது. அண்ணன் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்துக்கொண்டுதான் அதில் ஏறினார்.

எங்கள் கார் தரையோடு தரையாகப் போகும். லாரி சத்தம் இல்லாததால் ரோடு காலி என்று நினைத்து ஒரு பெண் கோலோடு நடுவில் இறங்கிவிட்டாள். முதுகு எங்கள் பக்கம். நான் அண்ணன் காலைப் பார்த்தேன். ஏன் அவளைப் பார்க்காமல் காலைப் பார்த்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. கால் சரியாக எழுந்து சரியாகப் பெடல் மேல் வந்து, எவ்வளவு மெதுவாகத் தொட முடியுமோ அவ்வளவு மெதுவாகத் தொட்டது. அந்தக் கால் ஒரு தப்பும் செய்யவில்லை. சக்கரம் பூட்டிக்கொண்டது. செடி மேல் வண்டி பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போய் அவள் இடுப்பில் மோதியது.

எங்கள் காரில் அவளைப் படுக்கவைக்கவும் முடியாது. பின்னால் வந்த மணல் லாரியில் ஏற்றினோம். மணல் மேல் உட்கார்ந்து, காஞ்சிபுரம் ஆஸ்பத்திரி வரை அண்ணன் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு வந்தார். உயிர் பிழைத்தாள். இடுப்பு எலும்பு மட்டும் கூடவே இல்லை. பிறகு அவள் வயலில் இறங்கவில்லை.

போலீசுக்குப் போகாமல் ஊரில் பேசிக்கொள்ளலாம் என்று அவள் வீட்டார் முடிவு செய்தார்கள். நல்லவர்கள். ஒரு வாரம் கழித்து அவர்கள் ஊர் அம்மன் கோயில் முன்னால் கூடினோம். நைனா, அண்ணன், நான். அவள் புருஷன் அண்ணனைக் கேட்கவில்லை, என் பக்கம் திரும்பினான்.

"தொட்டா நிக்கும்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்தாங்களே. நானும் எங்க டிராக்டர ஒன்னாண்டதான வுட்டேன். இன்னா பிரேக்கு போட்ட நீ?"

கூட்டத்தில் பாதிப் பேர் என்னிடம் வேலை கொடுத்தவர்கள். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். வாயைத் திறந்தேன். எனக்குப் பூஸ்டர் தெரியும், பாய் சொன்னது தெரியும், மதகு மணல் தெரியும்.

அண்ணன் எழுந்து நின்றார்.

"பிரேக்குல ஒண்ணும் கோளாறு இல்லப்பா. என் காலுல தெம்பு இல்ல. கெணத்துல அடிபட்டதுலருந்தே இல்ல. மெதிக்கப் போனேன், காலு வரல. நான் வண்டிய தொட்டுகினு இருக்கக் கூடாது, தொட்டுட்டேன்."

நைனா தலையைக் குனிந்துகொண்டார். "பாவம், ஆனைக்கும் அடி சறுக்கும்" என்றார் ஒரு பெரியவர். அதற்கப்புறம் என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. கூட்டம் கலையும்போது அவள் புருஷன் என்னிடம் வந்து, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றான். நான் அதற்கும் தலையாட்டினேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லாததற்கு என்ன காரணம் சொன்னாலும் பொய். பயம், அவ்வளவுதான்.

காரைப் பட்டணத்துக்காரர் ஒருவர் வந்து கொண்டுபோனார். அதற்கு முந்திய வாரம் பூஸ்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு, பழைய பிரேக்கையே மாட்டிக் கொடுத்தேன். அண்ணன் கையில் ஒரு தடி வந்தது. பஸ்ஸில் இடம் கொடுத்தால் உட்கார்ந்தார். "காலு எப்பிடிக் கீது?" என்று கேட்டவர்களிடம் நின்று பதில் சொன்னார். ஷெட்டில் எனக்குக் குறையாமல் வேலை வந்தது.

இரண்டு வருஷம் கழித்து ஒரு சாயங்காலம் ஏரிக்கரைப் பாதையில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். வேர்க்கடலைக் கொல்லையில் ஆடுகள் புகுந்திருந்தன. அண்ணன் வரப்பு மேல் அவற்றை விரட்டிக்கொண்டு போனார். தடியைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். முன்பு நடந்த மாதிரியே, கொஞ்சமே தாங்கி, வேகமாக நடந்தார். நான் சந்தோஷத்தில் மணியடித்தேன். மணிச் சத்தம் கேட்டதும், திரும்பிக்கூடப் பார்க்காமல், தடியைத் தரையில் ஊன்றி வலது காலை இழுத்து இழுத்து வைக்க ஆரம்பித்தார்.

பக்கத்தில் போனதும் திரும்பிப் பார்த்தார்.

"நீதானாடா" என்றார். தடியை மறுபடி கக்கத்தில் வைத்துக்கொண்டு நேராக நடந்தார். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே போனேன். வரப்பு நீளமான வரப்பு. ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவோ நேரம் இருந்தது. "கள்ளக்காய் இந்த வாட்டி நல்லா கீதுண்ணா" என்றேன்.

"ஆமா, நல்லாத்தான் கீது" என்றார் அண்ணன்.