அருள் பார்த்து எடுத்த இன்ஜின்

ஒரு காலத்தில் திருவொற்றியூர் குப்பத்தில் யார் படகுக்கு இன்ஜின் எடுத்தாலும் அருள்பிரகாசத்தைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். டென்னிஸின் மனைவி ராஜாத்திக்குத் தம்பி அவன்; மாமனும் மச்சானும் ஒரே ஃபைபர் படகில் தொழில். அவர்களுடைய டீசல் இன்ஜினையும் ராயபுரத்துப் பழைய சாமான் கடையில் அருள்தான் எடுத்தான். பெயின்ட் அடித்துப் பளபளவென்று நின்றவற்றை விட்டுவிட்டு, மூலையில் அழுக்காகக் கிடந்ததை ஓடவிட்டுப் புகையின் நிறம் பார்த்து, ஆயிலை முகர்ந்து, "இதான் மாமா" என்றான். டென்னிஸுக்குப் பெரிய இன்ஜின் மேல்தான் கண். "பெருசு வெச்சா படகு பின்னால அமுங்கிப்பூடும், டீசலும் குடிக்கும்" என்று அருள் அடக்கிவிட்டான்.

கடல் தண்ணீரை உறிஞ்சிச் சூட்டைத் தணித்துக்கொண்டு பக்கத்துக் குழாய் வழியே துப்புகிற இன்ஜின் அது. உள்ளே உப்பு தங்கக்கூடாதென்று, கரைக்கு வந்ததும் லாரித் தண்ணீரைக் குடம் குடமாக அதற்குள் ஓட்டுவான் அருள். "குடிக்கத் தண்ணி இல்ல, இவன் இன்ஜினைக் குளிப்பாட்டிகினு கீறான்" என்று ராஜாத்தி கத்துவாள். படகில் வலை போடுவது அருளின் வேலை. பின்னால் உட்கார்ந்து ஓட்டுவதும், குழாய் தண்ணீர் துப்புகிறதா என்று பார்ப்பதும்தான் டென்னிஸின் வேலை. அதைக்கூட அந்த மனுஷன் உருப்படியாகச் செய்யவில்லை.

மழை விட்ட ஒரு காலை. வலையில் நல்ல வஞ்சிரம். காசிமேட்டு ஏலத்துக்கு முதலில் போகிறவனுக்குத்தான் விலை. பக்கத்தில் இன்னொரு படகு போட்டி போட்டுக்கொண்டு வந்தது. குழாய் துப்புவது நின்றுபோனதை டென்னிஸ் பார்த்தான். நிறுத்தாவிட்டால் இன்ஜின் சூடேறும்; நிறுத்தினால் பக்கத்துப் படகுக்காரன் முந்திவிடுவான். காசிமேடுதான் கண்ணுக்குத் தெரிகிறதே என்று வேகத்தைக் கூட்டினான். முன்னால் மீன் பிரித்துக்கொண்டிருந்த அருள் கவனிக்கவில்லை. துறைமுகத்துக்குள் நுழைந்ததும் இன்ஜின் முக்கி முனகி நின்றது. டென்னிஸ் தண்ணீரில் குதித்துப் படகுக்கடியில் கையை விட்டான். உறிஞ்சும் ஓட்டையை ஒரு பிளாஸ்டிக் கவர் அடைத்திருந்தது. அருள் பார்ப்பதற்குள் பிடுங்கி எறிந்துவிட்டான்.

பிரித்துப் பார்த்த மெக்கானிக் ஜுபைர், "மேல ஹெட்டு விரிசல் வுட்டுக்கீது, இன்ஜினு இனி தேறாது. பழைய சாமான்பா, எப்ப இன்னா ஆவும்னு யாரு கண்டா" என்றார். அருளின் முகம் செத்துப்போனது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். தப்பு, இன்ஜினைப் பார்த்து எடுத்த தன் கண்ணில்தான் என்று மச்சான் நம்புவதைப் பார்த்துக்கொண்டே டென்னிஸ் வாயை மூடிக்கொண்டிருந்தான். அதன்பிறகு அருள் யாருக்கும் இன்ஜின் பார்க்கவில்லை. கடலையும் விட்டான். மணலியில் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாக நிற்கிறான்.

அடுத்தவர் படகில் கூலிக்குப் போய்வந்த டென்னிஸ், இந்த வருஷம் மறுபடி இன்ஜின் எடுக்கலாமென்று மணலிக்குப் போனான்.

"அருளு, நீ வந்து பார்த்தாதான் எடுப்பேன்."

"வாணாம் மாமா. நான் பார்த்த லட்சணம்தான் தெரியுமே. வேற ஆளைக் கூட்டிகினு போ."

டென்னிஸுக்குத் தாங்கவில்லை. குழாய் நின்றதைப் பார்த்தும் ஓட்டியதை, கவரைப் பிடுங்கி எறிந்ததை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். "நீ எடுத்தது நல்ல இன்ஜின்டா. நான்தான் அத்தக் கொன்னேன்."

அருள் சிரித்து, மாமனின் தோளைத் தட்டினான்.

"என் மனசு ஆறணும்னு பழிய உம்மேல போட்டுக்கிறியா? அக்கா சொல்லி அனுப்ச்சாளா? உன்ன மாதிரி நல்ல மனுசன் யாருக்கு மாமா கெடைப்பான்" என்றான்.

வெளியே லாரி ஹாரன் அடித்தது. அருள் கேட்டைத் திறக்கப் போய்விட்டான்.