நோர்மா பூசச் சொன்ன பச்சை

பினாங்கு ஜெலுத்தோங்கில் நோர்மா வீட்டுப் போர்ச்சில் முப்பது வருடங்களாக ஒரு ராணுவ லேண்ட்ரோவர் நின்றது. குடும்பத்தின் கார் வெயிலில் சாலையோரம் நின்றது. பெருநாளுக்கு வருகிறவர்கள் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்துதான் வீட்டுக்குள் நுழைய முடியும். “உங்க வீட்டுக்கு வரணும்னா பட்டினி கிடந்து ஒல்லியாகணும் போல அண்ணி” என்று தாசேக் கெலுகோரிலிருந்து வரும் நாத்தனார் மஹ்பூபா வருடம் தவறாமல் சொல்வாள். நோர்மாவுக்கு வருடம் தவறாமல் வெட்கமாக இருக்கும்.

அவள் கணவர் ஷேக் அலாவுதீன் அந்த வண்டியை ஜுருவில் ஒரு பழைய இரும்புக் கடையிலிருந்து வாங்கி வந்தவர். அப்போது அவர் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு அரிசி, வெங்காயம், சோப்பு என்று ஏற்றிவிடும் கடையில் வேலை பார்த்தார். அறுபதுகளில் ராணுவத்தில் ஓடிய வண்டி அது. அதன் பச்சை, பச்சை என்று சொல்ல முடியாதபடி வெளிறியிருந்தது. ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவின் மேல்விளிம்பில், எத்தனையோ முழங்கைகள் உரசிப் பெயிண்ட் போய் அலுமினியம் தெரிந்தது. பக்கவாட்டில் யாரோ தூரிகையால் எழுதிய வெள்ளை எண்கள். அதில் ஒன்று மட்டும் கோணல். பின்பலகையின் உள்பக்கத்தில் கத்தியால் கீறிய சதுரங்கள் இருந்தன. சிப்பாய்கள் டாம் என்ற காய் நகர்த்தும் ஆட்டம் ஆடுவதற்காகக் கீறியவை. ஞாயிற்றுக்கிழமைகளில் பாகான் டாலாமிலிருந்து ஃபெரி ஏறி வரும் நண்பர் மோகனராஜும் அலாவுதீனும் அந்தப் பலகையை இறக்கிவிட்டு, சோடா மூடிகளைக் காய்களாக வைத்து அதே கட்டங்களில் ஆடுவார்கள்.

நோர்மாவுக்கு அதெல்லாம் அழுக்கு. பெருநாளுக்கு முன்னால் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கும்போதெல்லாம் கேட்பாள்.

“அந்த வண்டிக்கும் ஒரு கோட் அடிச்சுருவோமாங்க?”

“இருக்கட்டும் நோர்மா.”

எல்லாவற்றுக்கும் அவர் சொல்வது அதுதான். செருப்பு தேய்ந்துபோனால் இருக்கட்டும். மூக்குக் கண்ணாடியின் காலில் டேப் சுற்றியிருந்தால் இருக்கட்டும். பிள்ளைகளின் படிப்பு, கல்யாணம் என்று ஒவ்வொன்றாய் முன்னால் வந்துகொண்டே இருக்க, தனக்கென்று எதையும் வாங்கிக்கொள்ளாத மனிதர். வண்டியையும் நோர்மா அந்த வரிசையில்தான் சேர்த்தாள். ஆசை இருக்கிறது, மனசு வரவில்லை, பாவம் என்று நினைத்தாள். அவரோடு அத்தனை வருடம் குடித்தனம் நடத்திய யாருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

போன வருடம் அவருக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை. கோலாலம்பூரில் செய்துகொண்டு, அங்கேயே மகள் நஸீஹா வீட்டில் மூன்று மாதம் தங்க வேண்டியதாயிற்று. இடையில் வீட்டைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நோர்மா மட்டும் பினாங்குக்கு வந்தாள். கேட்டைத் திறந்ததும் வண்டிதான் கண்ணில் பட்டது. அவர் இல்லாத வீட்டில் அது இன்னும் பழசாகத் தெரிந்தது. அன்றைக்கே மகன் ஹக்கீமைக் கூப்பிட்டாள். அவன் ஜுருவில் கார் விற்கும் கம்பெனி ஒன்றில் இருக்கிறான்.

“அத்தா திரும்பி வரும்போது இது புதுசா நிக்கணும். பெருநாளுக்குள்ள.”

“அத்தாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுருவோமேம்மா.”

“கேட்டா என்ன சொல்வாரு? இருக்கட்டும்பாரு. என்னைக்குடா அவரு தனக்கு இது வேணும்னு வாயத் திறந்து கேட்டிருக்காரு?”

ஹக்கீம் தனக்குத் தெரிந்த ஒர்க்‌ஷாப்காரன் ஹஸ்ருலை அழைத்து வந்தான். ஹஸ்ருல் வண்டியைச் சுற்றி வந்தான். குனிந்து அடியில் பார்த்தான். பின் அச்சில், இரவில் பின்னால் வருகிற வண்டிக்கு வழி தெரிவதற்காகப் பூசிய வெள்ளை வட்டம்கூட அப்படியே இருக்கிறது என்று ஹக்கீமைக் கூப்பிட்டுக் காட்டினான். பிறகு நோர்மாவிடம் வந்தான்.

“மாமி, இது யாரும் கை வைக்காத வண்டி. இதை இப்படியே வச்சுக்கறதுக்குன்னே ஆளுங்க இருக்காங்க. அடிச்சா அழகாயிரும்லா, இல்லேங்கல. ஆனா அப்புறம் அது வேற வண்டி.”

“என்ன தம்பி, வேலை செய்ய சோம்பலா?”

அவன் சிரித்தான். “எஞ்சின் மட்டும் பாத்துட்டு பாடிய விட்டுர்றேன். மாமாகிட்ட கேட்டுட்டுச் சொல்லுங்க. ஒரு தடவ உரிச்சா உரிச்சதுதான்.”

“நெஞ்சைப் பொளந்து தைச்சுப் படுத்திருக்காரு. அவர்கிட்டப் போய் பெயிண்ட்டைப் பத்திப் பேசச் சொல்றியா? நல்லா அடி. பாத்தா அதுல முகம் தெரியணும்.”

அந்தப் பேச்சைப் பின்னால் அவள் பல தடவை நினைத்துப் பார்த்தாள். ஒரு போன் பண்ணியிருக்கலாம். போன் கையில்தான் இருந்தது.

பெருநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஹக்கீம் அத்தாவைக் கூட்டி வந்தான். போர்ச்சில் வண்டி கழுவி வைத்த குடைமிளகாய் மாதிரிப் பளபளத்தது. நெளிவுகளையெல்லாம் தட்டி, புட்டிப் பசை பூசி, ஸ்ப்ரே அடித்திருந்தார்கள். சீட்டுகளுக்குப் புது உறை. எண்கள் அச்சடித்தது போல் நேராக இருந்தன.

அலாவுதீன் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார். நோர்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மெதுவாகப் போய், லேண்ட்ரோவர் கதவின் மேல்விளிம்பில் விரல்களை வைத்து ஓரம் வரைக்கும் தடவினார். பிறகு கையை எடுத்துக்கொண்டார்.

“நல்லா இருக்கு. ரொம்ப செலவாயிருக்குமே.”

“அதை விடுங்க. பிடிச்சிருக்கா?”

“நல்லா செஞ்சிருக்காங்க நோர்மா.”

களைப்பாக இருக்கிறது என்று உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். ஆபரேஷன் ஆனவர் களைத்துப்போவது சகஜம்தானே என்று நோர்மா ரசம் வைக்கப் போனாள்.

பெருநாளன்று வந்தவர்கள் எல்லோரும் வண்டியோடு படம் எடுத்துக்கொண்டார்கள். “அண்ணே, இனிமே ராணுவத்துல கூப்பிட்டா நேரா போய்ச் சேந்துரலாம்” என்றாள் மஹ்பூபா. அலாவுதீன் சிரித்தார். கூப்பிட்ட போதெல்லாம் வந்து பக்கத்தில் நின்றார். ஒரு படத்திலும் அவர் கை வண்டி மேல் படவில்லை என்பதை, அப்புறம் ஒருநாள் போனில் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தபோதுதான் நோர்மா கவனித்தாள்.

மோகனராஜ் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தார். பழக்கத்தில் நேராகப் போய்ப் பின்பலகையை இறக்கினார். உள்பக்கம் வழவழவென்று இருந்தது. ஒரு கீறல் இல்லை. அதைச் சத்தமில்லாமல் மூடினார்.

“உள்ள உக்காருவோமா பாய், வெயிலா இருக்கு” என்றார். காலையிலிருந்தே வானம் மூடிக்கிடந்தது.

அலாவுதீன் மத்தியான லுஹர் தொழப் போன நேரத்தில், டீ கொண்டுவந்த நோர்மா மோகனராஜின் எதிரில் உட்கார்ந்துவிட்டாள்.

“நீங்களாவது சொல்லுங்கண்ணே. நல்லா இருக்கு நல்லா இருக்குங்கறாரு, கிட்டக்கப் போக மாட்டேங்கறாரு.”

“நல்லாத்தான் இருக்கு தங்கச்சி.”

“மறைக்காதீங்க.”

மோகனராஜ் டீயைக் குடிக்காமல் கிளாஸைத் திருப்பிக்கொண்டிருந்தார். “பாய் பிரேக்கை மாத்துவாரு, ரப்பர் ஓஸை மாத்துவாரு. துரு ஏறாம அடியில எண்ணெய் தடவுவாரு. நீங்களே பாத்திருக்கீங்க. ஓடறதுக்கு வேண்டிய எதையும் அவரு விட்டதில்ல. மேல மட்டும் தொட மாட்டாரு. நான் ஒரு தடவ கேட்டேன். மேல இருக்கறது நம்மளது இல்ல ராஜு, இதுல போனவங்க வந்தவங்க விட்டுட்டுப் போனது, நாம பாத்துக்கறதோட சரின்னாரு.”

“எங்கிட்ட இதைச் சொன்னதே இல்லையே.”

“இதெல்லாம் வீட்டுல எங்க பேசறோம் தங்கச்சி” என்றார் அவர்.

நோர்மா அடுக்களைக்குப் போய் ஹஸ்ருலுக்குப் போன் செய்தாள். புதுப் பெயிண்ட்டை எடுத்துவிட்டால் அடியில் பழையது கிடைக்குமா என்று கேட்டாள். “அடியில ஒண்ணும் இல்ல மாமி. வெறும் தகடுதான்” என்றான் அவன். நான்தான் அப்போதே சொன்னேனே என்று அவன் சொல்லாதது அவனுடைய நல்ல குணம்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் மாத்திரைகளைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

“ஏன் எங்கிட்டச் சொல்லல?”

எதைப் பற்றி என்று அவர் கேட்கவில்லை.

“சொன்னேனே. இருக்கட்டும்னு சொன்னேன்ல.”

“செருப்புக்கும் அதைத்தானே சொன்னீங்க.”

அவர் யோசித்தார். “ஆமா,” என்றார். “செருப்புக்கும் அதைத்தான் சொன்னேன். என் தப்புதான்.”

“உங்க தப்புன்னு சொல்லாதீங்க. திட்டுங்க. நல்லா ஒரு தடவை திட்டிருங்க.”

“ஆசையா செஞ்சதுக்கு யாராவது திட்டுவாங்களா? மாத்திரையைக் குடு.”

குடும்பத்தில் அவர் யாரையும் அதிகம் திட்டியவர் இல்லை. அதை நோர்மா எப்போதும் பெருமையாகத்தான் சொல்லிவந்தாள். அன்று ராத்திரி அதுவே அவளுக்குத் தாங்கவில்லை.

அந்த மாதக் கடைசியில், கூட வேலை செய்பவனின் கல்யாணத்துக்கு வண்டியை எடுத்துப் போகலாமா என்று ஹக்கீம் கேட்டான். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு எடுப்பாக இருக்கும் என்றான்.

“தாராளமா. உன் வீட்டுலயே நிறுத்திக்க” என்றார் அலாவுதீன். “எனக்கு இனிமே ஓட்ட முடியாது.”

டாக்டர் அவரிடம் வண்டி ஓட்டலாம் என்று சொல்லி இரண்டு வாரம் ஆகியிருந்தது. நோர்மா சாவியை எடுத்துவந்து ஹக்கீமிடம் கொடுத்தாள்.

ஹக்கீம் ரிவர்ஸ் எடுத்தான். அலாவுதீன் தெருவில் இறங்கி நின்று கையைக் காட்டினார். “வா, வா. கொஞ்சம் லெஃப்ட்ல ஒடி. பாத்து தம்பி, புதுப் பெயிண்ட்டு. தூண்ல உரசிராம.”

வீட்டுக்கு வந்துவிட்டுக் கிளம்புகிறவர்களின் கார்களை அவர் இதே குரலில்தான் வழியனுப்புவார். நோர்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வண்டி முனை திரும்பும்வரைகூட அவர் நிற்கவில்லை. கேட்டைச் சாத்திக் கொக்கியைப் போட்டுவிட்டு வந்து, மத்தியானத்துக்கு என்ன மீன் என்று கேட்டார்.