வேட்டித் துணிக்கு ஏற்ற குண்டு

ஜேர்மனியில் ஹனோவருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் சுடும் சங்கத்தில் தமிழ்ப் பெண் நான் ஒருத்திதான். எனக்குப் படிப்புக் குறைவு, குறி குறைவில்லை. குழாயின் வாய்ப்பக்கமாகக் கருமருந்தையும் ஈயக் குண்டையும் இறக்கிச் சுடுகிற பழைய மாதிரிக் கைத்துப்பாக்கி ஒன்று முறையான அனுமதியோடு வைத்திருக்கிறேன்.

பக்கத்து ஊரோடு போட்டி வந்தது. அணியில் ஓரிடம்தான் மிச்சம். அதற்கு ஆள் எடுக்கிற அன்று காலை சுட்டுப் பார்த்தால், கோழி கிளறிய மாதிரிக் குறி அட்டை முழுக்க ஓட்டை! கை நடுங்கவுமில்லை. பிறகு ஏன் இப்படி?

பின்னால் நின்ற என் கணவர், "என்னப்பா, அட்டைக்குப் பயம் காட்டுறீரோ?" என்றார்.

"பேசாமல் இருங்கோ."

எல்லோரும் சுட்டு நிறுத்தியதும், சங்கத் தலைவர் முன்னே போய்த் துணித் துண்டுகளைப் பொறுக்கி வந்தார். அந்தத் துணியில் வைத்துத்தான் குண்டை இறக்குவோம். எல்லாம் கருகிக் கிழிந்திருந்தன.

"இது வழக்கமான துணி இல்லையே?" என்று டொச்சு மொழியில் கேட்டார்.

இல்லைத்தான். தடித்த கடைத் துணி முடிந்துபோக, என் கணவருடைய பழைய வேட்டியை வெட்டியிருந்தேன். தோய்த்துத் தோய்த்து மெலிந்த துணி. குண்டு மட்டும் அதே சின்னக் குண்டு. இடைவெளியால் நெருப்புப் புகுந்து துணி கருகினால், குண்டு நேராகப் போகுமா?

தலைவர் வெவ்வேறு அளவில் இருந்த தன் குண்டுப் பெட்டிகளை நீட்டினார். மருந்தில்லாத குழாயின் வாயில் ஒரு குண்டை வெறுமனே வைத்தேன், உள்ளே போகவில்லை. பெரிது. அதற்கு ஒரு அளவு சின்னது, என் பழைய குண்டைவிடக் கொஞ்சம் பெரிது, சும்மா இறங்கியது. அதைக் கவிழ்த்து எடுத்து வேட்டித் துணியோடு வைத்தேன். கட்டைக் குச்சியால் ஒரு தட்டுத் தட்ட வேண்டியிருந்தது. பிறகு குண்டை இறக்கும் கோல் ஒரே சீராக அடிவரை போயிற்று. இதுதான்! சம்மட்டி தேடுகிற இறுக்கமும் வேண்டாம், கடகடக்கிற தளர்வும் வேண்டாம்.

உள்ளே போன குண்டைத் திருகு கோலால் இழுத்தெடுத்தேன். என் முறை வந்தது. மருந்தை அளந்து போட்டு, குண்டை மருந்தோடு ஒட்ட இறக்கிச் சுட்டேன். புகை கலைந்தபோது கறுப்பு வட்டத்துக்குள் ஓட்டை. அடுத்ததும் அதற்குப் பக்கத்தில்! அடுத்தது அதை உரசிக்கொண்டு! எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. அணியில் என்னைச் சேர்த்துவிட்டார்கள்.

கணவர் கருகிய துணியைத் தூக்கிப் பார்த்தார். "இது என்ரை வேட்டிக் கரையெல்லோ?"

"ஓம். போட்டிக்கு மற்ற வேட்டியும் வேணும். வேற துணிக்கு இந்தக் குண்டு சரிவராது."


"அப்ப நான் எதைக் கட்டுறது?"

"நீங்கள் காற்சட்டை போட்டுக்கொண்டு வந்து கைதட்டுங்கோ."