பாக்கலாம் என்றால் வேண்டாம்

குழுப் பயிற்சி என்றால் என்னவென்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அந்த மின்னஞ்சல் வரும்வரை எனக்கும் தெரியாது. சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில் இருக்கும் பாசிர் கூடாங்கில் நான் ஒப்பந்த ஊழியராக இருந்த ரசாயனத் தொழிற்சாலையில் நிரந்தர வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம். வெறும் நேர்காணல் போதாதாம். ஆறு பேரை ஒரு மேசையைச் சுற்றி உட்கார வைத்து, ஒரு பிரச்சினையைக் கொடுத்துப் பேசவிட்டு, ஓரமாக உட்கார்ந்து மதிப்பெண் போடுவார்களாம். ஆறு பேரைப் பேசவிட்டு வேடிக்கை பார்ப்பதற்கு எங்கள் குடும்பத்தில் நிச்சயதார்த்தம் என்று பெயர். இவர்கள் அசெஸ்மெண்ட் சென்டர் என்கிறார்கள்.

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த ஆண்டு முடிவோடு என் ஒப்பந்தம் முடிகிறது, இனிமேல் புதுப்பிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். நிரந்தர வேலை கிடைக்காவிட்டால் நானும் என் கணவரைப் போல விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்குப் போக வேண்டியதுதான். இரண்டு பேரும் இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்பினால், பெர்மாஸ் ஜெயா வீட்டில் எங்கள் ஐந்து வயது மகளை யார் பார்ப்பது? அதற்குத் தொலைவில் இருக்கும் யோங் பெங்கில் ஒருவர் தயாராக இருந்தார். என் கணவரின் அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. "பாப்பாவ எங்கிட்ட விட்டுருங்க. நான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, சோறு ஊட்டி, எல்லாம் பாத்துக்கிறேன். நீங்க ரெண்டு பேரும் நிம்மதியா சம்பாரிங்க" என்றார். சொன்னது அன்போடுதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் மகளைப் பார்க்கும் அம்மாவாக ஆக எனக்கு மனமில்லை.

ஆகவே தயாரானேன். இணையத்தில் டை கட்டிய ஒரு பயிற்றுநர் இரண்டு விதிகளைத் திரும்பத் திரும்பச் சொன்னார். முதல் விதி, யார் என்ன சொன்னாலும் 'இல்லை', 'வேண்டாம்' என்று முகத்தில் அடித்தாற்போல் மறுக்கக் கூடாது. இரண்டாவது, பேசாமல் இருப்பவரைக் கவனித்துப் பேச்சுக்குள் இழுக்க வேண்டும். இரண்டாவது விதியை என் மகள் உடனே பிடித்துக்கொண்டாள். சாப்பிடும்போது தலையைத் தூக்கி, கூரையில் சுற்றும் மின்விசிறியைப் பார்த்து, "காத்தாடி, நீ ஒண்ணுமே பேசலையே, நீ என்ன நெனைக்கிறே?" என்று கேட்டாள். காத்தாடி சுற்றிக்கொண்டே இருந்தது. "அது சரின்னு சொல்லுதும்மா" என்றாள். இவளை அனுப்பினால் அன்றைக்கே வேலைக் கடிதத்தைக் கையில் கொடுத்துவிடுவார்கள் என்று தோன்றியது.

முதல் விதிதான் எனக்கு வரவில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். முட்டாள்தனமாக யாராவது ஏதாவது சொன்னால் என் முகம் முதலில் பேசிவிடும், பிறகுதான் வாய். "நீ வாயத் தொறக்க வேணாம், மூஞ்சிய மட்டும் பூட்டிக்க" என்று என் கணவர் சொன்னார். மூஞ்சியைப் பூட்டுவதற்குப் பயிற்சி வேண்டுமே. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் யோங் பெங்குக்குப் போனோம். மதியச் சாப்பாடு முடிந்ததும் அண்ணி, லோரி ஓட்டும் அவர் கணவர், என் கணவர், மகள் எல்லோரையும் மேசையைச் சுற்றி உட்கார வைத்தேன். இணையத்தில் எடுத்த ஒரு மாதிரிக் கேள்வியைப் படித்தேன். கப்பல் மூழ்குகிறது, சிறு படகில் நீங்கள் தப்பிக்கிறீர்கள், கயிறு, கண்ணாடி, தண்ணீர், வலை, சாக்லேட் ஆகியவற்றில் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம், குழுவாகப் பேசி முடிவெடுங்கள்.

அண்ணி முதல் கேள்வியை வீசினார். "முழுகுற கப்பல்ல ஏன்லா ஏறுனீங்க?"

"அண்ணி, அது கேள்வி இல்ல."

"அதான் கேள்வி. டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுருக்கணும்."

லோரி அண்ணன் வலை எடுத்துக்கொள்ளலாம், மீன் பிடிக்கலாம் என்றார். அண்ணி, "பாக்கலாம்" என்றார். என் கணவர், கண்ணாடி இருந்தால் வெயிலைத் திருப்பிக் காட்டித் தூரத்துக் கப்பலைக் கூப்பிடலாம் என்றார். "முழுகும்போது மூஞ்சி பாக்கவா? சரி, பாக்கலாம்" என்றார் அண்ணி. நான் தண்ணீர் என்றேன். "கடல்ல இல்லாத தண்ணியா? பாக்கலாம்." என் மகள் சாக்லேட் என்றாள். அதற்கு மட்டும், "ஆமா தங்கம், அதான் மொதல்ல" என்று தலையாட்டினார்.

எனக்கு எரிச்சல் வந்தது. "அண்ணி, இதுல யாரையும் வேணாம்னு சொல்லக் கூடாது. மார்க் போயிரும்."

"நான் எப்ப வேணாம்னு சொன்னேன்?" அண்ணி உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். "பாக்கலாம்னுதானே சொன்னேன்!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம் ஆட்களிடம் 'பாக்கலாம்' என்றால் வேண்டாம் என்று அர்த்தம். பொண்ணு பார்த்துவிட்டுப் போகிறவர்கள் 'பாக்கலாம்' என்றால் அந்தப் பக்கம் மறுபடி தலை வைத்துப் படுக்க மாட்டார்கள். கடன் கேட்டால் 'பாக்கலாம்', திருவிழாவுக்கு வரச் சொன்னால் 'பாக்கலாம்'. கேட்டவருக்கும் புரியும், சொன்னவருக்கும் புரியும், யாருக்கும் மனக்கசப்பு இல்லை. டை கட்டியவர் மணிக்கணக்கில் சொல்லித் தந்ததை அண்ணி பல் குத்திக்கொண்டே செய்துகொண்டிருந்தார். அன்று மாலைவரை நான் அதையே பழகினேன். முகத்தில் சிரிப்பு, தலையில் ஓர் ஆட்டல், வாயில் ஒரு பாக்கலாம். கிளம்பும்போது அண்ணி, "நல்லா செய், சாமி கும்பிட்டுக்கிறேன்" என்றார். சாமியிடம் என் வேலையைக் கேட்பாரா, என் மகளைக் கேட்பாரா என்று எனக்குச் சந்தேகம். வழி முழுவதும் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். "ச்சே, எங்க அக்காவ அப்படிச் சொல்லாத" என்றார் என் கணவர். கொஞ்ச நேரம் கழித்து, "அக்கா அப்படிக் கேட்டாலும் கேக்கும்" என்றார்.

தேர்வு நாளில் எங்கள் சட்டையில் பெயருக்குப் பதிலாக எண்களை ஒட்டினார்கள். நான் நான்காம் எண். எதிரில் இரண்டாம் எண், இஸ்திரி மடிப்புக் கலையாத ஒரு தமிழ் இளைஞர். என் பக்கத்தில் ஒரு மலாய்ப் பையன், அந்தப் பக்கம் ஒரு சீனப் பெண், இன்னும் இருவர். சுவரோரம் மதிப்பெண் போட இரண்டு பேர். ஒருவர் வெளிநாட்டிலிருந்து புதிதாக வந்த மேலாளர், இன்னொருவர் மனிதவளப் பிரிவின் மலாய் அம்மா. தொழிலாளர்களுக்கு இந்த ஆண்டு ஒரே ஒரு வசதிதான் செய்ய முடியும், எது என்று ஒருமனதாக முடிவு செய்யுங்கள் என்பது கேள்வி. ஒவ்வொருவருக்கும் ஆளுக்கொரு வசதியைக் கொடுத்து அதற்காகப் பேசச் சொன்னார்கள். எனக்குக் கேண்டீன். இரண்டாம் எண்ணுக்கு மோட்டார் சைக்கிள் நிறுத்தக் கூரை. சீனப் பெண்ணுக்குக் கூடுதல் பேருந்து.

இரண்டாம் எண் ஆங்கிலத்தில் கூரையின் பெருமையைப் பேசி முடித்தார். நான் சிரித்து, தலையாட்டி, "சீ ஹௌ ஃபர்ஸ்ட்" என்றேன். எங்கள் ஊர் ஆங்கிலத்தில் அதுதான் பாக்கலாம். அவர் கண் சட்டென்று என் மேல் நின்றது. அடுத்து நான் கேண்டீனைப் பற்றிப் பேசினேன். அவர் என்னைவிட அழகாகச் சிரித்து, "யெஸ், வீ கேன் சீ" என்றார். அடப்பாவி! அவர் வீட்டிலும் ஓர் அண்ணி இருக்க வேண்டும். அதற்குள் மலாய்ப் பையன் பேருந்துக்கு, "தெங்கோ டூலு" என்றான். அதுவும் பாக்கலாம்தான், மலாய்ப் பாக்கலாம். சீனப் பெண், "குட் ஐடியா, சீ ஹௌ லா" என்றாள். ஆறு பேரும் அதே டை கட்டியவரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறோம் என்பது தெரிந்துவிட்டது. கொஞ்சம் களைத்து நான் வாயை மூடியதுதான் தாமதம், ஐந்து பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பி, "நம்பர் ஃபோர், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்றார்கள். காத்தாடியின் கஷ்டம் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

வெளிநாட்டு மேலாளர் முகம் மலர்ந்து எழுதிக்கொண்டே இருந்தார். இவ்வளவு ஒற்றுமையை அவர் எங்கேயும் பார்த்திருக்க மாட்டார். மனிதவள அம்மாவோ தாளை உயர்த்தி வாயை மறைத்துக்கொண்டிருந்தார், தோள் மட்டும் குலுங்கியது. நேரம் முடியப்போகிறது. ஒன்றுமே முடிவாகவில்லை. இப்படியே சிரித்துக்கொண்டே எழுந்தால் ஆறு பேருக்கும் நல்ல பெயர்தான். ஆனால் வேலை ஒருவருக்கோ இருவருக்கோதான். பூனைக்கு யாராவது மணி கட்ட வேண்டும். என் மகளின் பை யோங் பெங் வீட்டு வாசலில் இருப்பது போல ஒரு நினைப்பு வந்தது, அதற்கு மேல் மூஞ்சி பூட்டில் நிற்கவில்லை.

"அலமாக்!" என்று மலாயில் ஐயோ போட்டுவிட்டு, "நாம் ஆறு பேரும் வேண்டாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். "நான் சீ ஹௌ என்றால் அது நோ. இவர் வீ கேன் சீ என்றாலும் நோ. வாயால் நோ என்றே சொல்லுவோம், சீக்கிரம் முடியும். நான் முதலில். என்னுடைய கேண்டீன், நோ."

இரண்டாம் எண் முதலில் சிரித்தார், பிறகு மேசையே சிரித்தது. அதற்குப் பிறகு நோ மழைதான். கூரை நோ, அது நோ, இது நோ. யாருக்கும் நோ சொல்லக் காரணம் கிடைக்காமல் பேருந்து மட்டும் மிஞ்சியது. மணி அடிக்கும்போது முடிவு எங்கள் கையில் இருந்தது.

ஆனால் பிற்பகல் தனி நேர்காணலில் அந்த மேலாளர் மிகவும் வருத்தத்தோடு கேட்டார். "எல்லோரும் அவ்வளவு நன்றாக ஒத்துப்போய்க்கொண்டிருந்தார்கள். நீங்கள் ஏன் குறுக்கிட்டுக் கெடுத்தீர்கள்?" நான் வாயெடுப்பதற்குள் மனிதவள அம்மா அவரிடம் குனிந்து ஏதோ சொன்னார். நீண்ட நேரம் சொன்னார், நடுவில் 'சீ ஹௌ' என்பது மட்டும் என் காதில் விழுந்தது. மேலாளர் தன் குறிப்புகளை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார், எதையோ அடித்துவிட்டு வேறு எழுதினார். அடித்தது என் பெயரைத்தான் என்று நினைத்து வீட்டுக்கு வந்து அழுதேன்.

சில வாரம் கழித்து, தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் குடுவை கழுவிக்கொண்டிருந்தபோது அழைத்தார்கள். எனக்கும் வேலை, இரண்டாம் எண்ணுக்கும் வேலை. கையைத் துடைத்துக்கொண்டு வெளியே ஓடினேன். கணவர் போனை எடுக்கவில்லை, வேலையில் இருந்தார். அண்ணிக்கு அடித்தேன்.

"கெடச்சிருச்சு அண்ணி!"

"அய்யோ, என் தங்கம்!" அந்தப் பக்கம் ஒரே கூச்சல். "ஏங்க, இங்க வாங்க, அவளுக்குக் கெடச்சிருச்சாம்! யாரு சொல்லிக் குடுத்தா? நான்தானே! கோயிலுக்கு எத்தன வாட்டி நடந்தேன், சும்மாவா?"

அவரைச் சந்தேகப்பட்ட என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. நான் சிரித்தேன், அவரும் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அப்ப பாப்பா வரமாட்டா, இல்ல?"

சுற்றிவளைக்க எனக்கு மனம் வரவில்லை. "வரமாட்டா அண்ணி" என்றேன்.

"சரி, சரி. அம்மாகிட்ட இருக்கறதுதான் நல்லது" என்றார். "பாப்பாவுக்குன்னு வச்சிருந்த ரூமுக்குத்தான் உங்க அண்ணன் போன வாரம் பெயிண்ட் அடிச்சிட்டாரு. ரோஸ் கலரு. பரவால்லலா, எனக்கும் ரோஸ் புடிக்கும். நானே படுத்துக்கிறேன்."